நாக்கின் அடியில் கட்டி: கத்தி வைக்கும் முன் கழுத்தைப் பாருங்கள்

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29, தனியார் பள்ளியில் கணித ஆசிரியை, 14 மாதக் கைக்குழந்தையின் தாய். கர்ப்பத்தின் ஆறாம் மாத வாக்கில், சாப்பிடும்போது தொண்டையின் மேல்பகுதியில் எதுவோ குறுக்கே நிற்பதுபோல் தொடங்கிய தொந்தரவு பிரசவத்துக்குப் பிறகும் குறையாமல் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இட்லியும் ரசம் சாதமும் இறங்கிவிடுகின்றன. சப்பாத்தி, பரோட்டா, வறுவல் என்றால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. மாத்திரை போட்டால் நாக்கின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கரைந்து கசக்கிறது. “வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்று கணவர் கேலி செய்தபோது சிரித்துவிட்டவர், வகுப்பில் பிள்ளைகள் “மிஸ், திரும்பச் சொல்லுங்க” என்று அடிக்கடி கேட்கத் தொடங்கியதும் கவலைப்பட்டிருக்கிறார். மல்லாந்து படுத்தால் இதுவரை இல்லாத குறட்டை வருகிறது. ஒருநாள் காலையில் நாக்கு வழிப்பானைச் சற்று ஆழமாக இழுத்தபோது அதில் ரத்தக் கோடு தெரிந்திருக்கிறது.

முதலில் பார்த்த குடும்ப மருத்துவர் வாயுத் தொல்லை என்று அமிலக் குறைப்பு மாத்திரை கொடுத்தார். வயிறு, குடல் மருத்துவர் எண்டாஸ்கோபி செய்து, உணவுக்குழாய் சுத்தமாக இருக்கிறது, பிரசவத்துக்குப் பிந்தைய மனக்கவலையாக இருக்கலாம் என்றார். கடைசியாகப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் விடியோ லாரிங்கோஸ்கோபி (கேமராவால் தொண்டைக்குள் பார்க்கும் பரிசோதனை) செய்ததில், நாக்கின் அடிப்பகுதியில் நட்டநடுவே சுமார் 3 சென்டிமீட்டர் அளவில், சிவந்த, வழுவழுப்பான, மேலே ரத்தக்குழாய்கள் ஓடுகிற ஓர் உருண்டை தெரிந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை கான்ட்ராஸ்ட் ஊசியுடன் சி.டி. ஸ்கேன்; வியாழக்கிழமை மயக்கம் கொடுத்துச் சதைத் துணுக்கு எடுத்து, முடிந்தால் அதே கையோடு கட்டியையும் அகற்றிவிடலாம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று மாமியார் தடுக்கிறார். நேராக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர். கடிதத்தின் கடைசியில், வேறொரு சங்கதியைச் சொல்வதுபோல, கர்ப்ப காலத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும்) கூடுதலாக இருந்து 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை சாப்பிட்டதாகவும், பிரசவத்துக்குப் பிறகு தானே நிறுத்திவிட்டதாகவும், போன வாரம் எடுத்த பரிசோதனையில் அது 17.4 என்று வந்திருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். அவருடைய கேள்விகள்: இது புற்றுநோயா? வியாழக்கிழமை அறுவைக்குப் போகலாமா? அடுத்த ஆண்டு இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தொண்டையை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆகவே இது நோய் இன்னதென்ற தீர்ப்பு அல்ல, எந்தப் பரிசோதனையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்ற ஆலோசனை. உங்கள் விஷயத்தில் அந்த வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது என்பதால், முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கழுத்தில் தைராய்டு சுரப்பி அதன் இடத்தில் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல், நாக்கின் அடியில் இருக்கும் அந்த உருண்டையில் யாரும் கத்தி வைக்க அனுமதிக்காதீர்கள். திங்கட்கிழமை கான்ட்ராஸ்ட் ஸ்கேனையும் சில நாள் தள்ளிவைக்கக் கேளுங்கள். இரண்டுக்கும் காரணம் கீழே சொல்கிறேன்.

நீங்கள் கடிதத்தில் தனித்தனியாக எழுதியிருக்கும் மூன்று செய்திகளை நான் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிறேன். கட்டி நாக்கடியின் நடுக்கோட்டில் இருக்கிறது. தொந்தரவு கர்ப்பத்தில் தொடங்கியது. தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறது. இந்த மூன்றும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வரும்போது, காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது நாக்கடித் தைராய்டு என்ற நிலைமையை.

அது எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தைராய்டு என்றால் கழுத்துச் சமாச்சாரம், தொண்டைக் கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைத்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. கருவில் தைராய்டு சுரப்பி கழுத்தில் உருவாவதில்லை. நாக்கின் பின்பகுதியில், நடுவே உள்ள சிறு குழியில்தான் அது தோன்றுகிறது. அங்கிருந்து கீழிறங்கி, ஏறத்தாழ ஏழாவது வாரத்தில் குரல்வளைக்குக் கீழே தன் இடத்தை அடைகிறது. சிலருக்கு அந்தப் பயணம் தொடங்காமலேயே நின்றுவிடும். சுரப்பி பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். இடம் மாறிய தைராய்டுகளில் பெரும்பாலானவை, சுமார் 90 விழுக்காடு, நாக்கடியில்தான் காணப்படுகின்றன. ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு அதிகம். பொதுவாக ஒன்று முதல் மூன்று லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் அரிதானது என்பதால், உங்களைப் பார்த்த குடும்ப மருத்துவருக்கு இது உடனே தோன்றாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இத்தனை ஆண்டுகள் சும்மா இருந்த சுரப்பி கர்ப்பத்தில் ஏன் பெரிதாக வேண்டும்? கர்ப்ப காலத்தில் உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இடம் மாறித் தங்கிய சுரப்பி பெரும்பாலும் சிறியது. அதனால் அந்தத் தேவையை ஈடுகட்ட முடிவதில்லை. பற்றாக்குறையை உணர்ந்த பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைக் கூட்டிக் கூட்டி அனுப்பும், அந்த டி.எஸ்.எச். தைராய்டுத் திசுவை வேலை செய்யத் தூண்டுவதோடு, பருக்கவும் வைக்கும். பூப்பெய்தும் வயதிலும் இதே காரணத்தால் சிலருக்குத் தொந்தரவு தொடங்குவதுண்டு. ஆகவே, பிரசவத்துக்குப் பிறகு மாத்திரையை நீங்கள் நிறுத்தியதையும், அதன் பிறகு விழுங்குவது இன்னும் சிரமமானதையும் தற்செயலாக ஒரே நேரத்தில் நடந்தவையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 17.4 என்ற டி.எஸ்.எச். மாதக்கணக்கில் அந்தக் கட்டியை வளர்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

எண்டாஸ்கோபியில் ஏன் தெரியவில்லை என்று ஆதங்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றைப் பார்ப்பதற்கானது. வாயில் பல்காப்பு வைத்து, நாக்கின் வளைவைத் தாண்டி விரைவாக உள்ளே செலுத்துவார்கள். நாக்கடியை நின்று பார்ப்பது அந்தப் பரிசோதனையின் வேலை அல்ல. நெஞ்சில் அடைக்கிறதா, விழுங்கத் தொடங்கும்போதே தொண்டையில் தடுக்கிறதா என்ற ஒரு கேள்வி முதலிலேயே கேட்கப்பட்டிருந்தால், நீங்கள் நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பப்பட்டிருப்பீர்கள். மனக்கவலை என்று சொல்லப்பட்டது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது புரிகிறது. தொண்டையில் உருண்டை இருப்பதுபோன்ற உணர்வு கவலையாலும் வருவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் எச்சில் விழுங்கும்போது தொந்தரவு தரும், சோறு சாப்பிடும்போது குறையும். உங்களுக்கு நேர்மாறாக இருந்தது.

வேறு என்னவாக இருக்கலாம்?

நாக்கடியில் தெரிகிற எல்லா உருண்டையும் தைராய்டு அல்ல. நாக்கடியிலும் டான்சில் திசு உண்டு. அது வீங்கினால் இரு பக்கமும் மேடும் பள்ளமுமாகத் தெரியும். குரல்வளை மூடிக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் வரும் நீர்க்கட்டி மஞ்சள் சாயலோடு, மெல்லிய தோல் போர்த்தது போலிருக்கும். ரத்தக்குழாய்க் கட்டி நீலம் கலந்த சிவப்பாக இருக்கும், அழுத்தினால் அமுங்கும். அதிலும் துணுக்கெடுக்கப் போனால் ரத்தம் கொட்டும். சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் கட்டிகள்தான் தந்திரமானவை: வழுவழுப்பாக, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், அவற்றில் சில புற்றுநோயாகவும் இருக்கும். நிணநீர்த் திசுப் புற்றும் இங்கே வரலாம்.

நீங்கள் அஞ்சுகிற சாதாரண வகைத் தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு பக்கமாக, புண்ணாக, கடினமாக இருக்கும். காதுக்குள் குத்தும் வலி, கழுத்தில் நெறிகட்டுதல், எடை குறைதல் ஆகியவை சேர்ந்து வரும். புகையிலை, பான், மது பழக்கம் உள்ளவர்களிடம் மிகுதி. இவை எவையும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனாலும் இல்லை என்று எழுத்தில் உறுதி தர எனக்கு உரிமையில்லை. பாப்பிலோமா வைரஸால் வரும் நாக்கடிப் புற்றுநோய் இந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களுக்கும் வருகிறது. அதனால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

எதை முதலில் செய்வது?

முதல் படி, கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, பத்து நிமிட வேலை. தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் இருக்கும் சென்னையில் நாளையே செய்துவிடலாம். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் தைராய்டு மடல்கள் உள்ளனவா என்பதைக் குறிப்பாகப் பார்த்து எழுதித் தரும்படி மருத்துவரின் சீட்டில் கேள்வியாகவே எழுதி வாங்குங்கள். வெறுமனே ‘கழுத்து ஸ்கேன்’ என்று போனால், நெறிக்கட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடவும் கூடும்.

இரண்டாவது, டெக்னீசியம் ஸ்கேன் எனப்படும் தைராய்டு ஸ்கேன். கை நரம்பில் சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி, சுமார் 20 நிமிடம் கழித்துப் படம் எடுப்பார்கள். தைராய்டுத் திசு எங்கே இருக்கிறதோ அங்கே மருந்து போய்ச் சேரும்; படத்தில் அந்த இடம் ஒளிரும். நாக்கடியா, கழுத்தா, இரண்டுமா என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு பரிசோதனை இல்லை. இதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். இரண்டாவது குழந்தைக்கான எண்ணம் இருப்பதால், கர்ப்பம் இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதி செய்துகொண்டு போங்கள். கர்ப்பத்தில் இந்த ஸ்கேன் கூடாது. இரவில் இன்னும் தாய்ப்பால் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருந்து பாலில் வெளியேறும் என்பதால் வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம் பாலைப் பிழிந்து கொட்டிவிடச் சொல்வார்கள். முதல் நாளே எடுத்துவைத்த பாலோ வேறு உணவோ குழந்தைக்குத் தயாராக இருக்கட்டும். எத்தனை மணி நேரம் என்பதை ஸ்கேன் செய்யும் மருத்துவரே சொல்லட்டும்.

இப்போது திங்கட்கிழமை விஷயம். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் ஏராளமாக இருக்கிறது. அதைச் செலுத்திவிட்டால், தைராய்டுத் திசு அயோடினால் நிறைந்து, பிறகு டெக்னீசியத்தையும் சரிவர ஏற்காது. இந்த விளைவு பல வாரங்கள் நீடிக்கும். அதாவது திங்கட்கிழமை கான்ட்ராஸ்ட் போட்டுவிட்டால், உங்களுக்கு மிகவும் தேவையான ஸ்கேன் ஒன்றிரண்டு மாதத்துக்குப் பயனற்றுப் போகலாம். ஒளிராத படத்தைப் பார்த்து ‘தைராய்டு இல்லை’ என்று யாராவது தப்பாக முடிவு கட்டும் அபாயமும் உண்டு. கட்டியின் ஆழத்தையும் மூச்சுப்பாதையின் அகலத்தையும் இப்போதே அறிய வேண்டும் என்று மருத்துவர் நினைத்தால், கான்ட்ராஸ்ட் இல்லாத சாதாரண சி.டி. எடுக்கலாம், தைராய்டுத் திசுவில் இயல்பாகவே அயோடின் இருப்பதால், சாதாரண சி.டி.யிலேயே அது சுற்றியுள்ள தசையைவிட வெளுப்பாகத் தெரியும். எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம். மூச்சுத்திணறல் போன்ற அவசரம் வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்; அப்போது எந்த ஸ்கேன் கிடைக்கிறதோ அது.

ஸ்கேன் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். நாக்கடி மட்டும் ஒளிர்ந்து கழுத்து வெறுமையாக இருந்தால், உங்கள் உடலில் உள்ள ஒரே தைராய்டு அதுதான். நாக்கடித் தைராய்டு உள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினரின் நிலை இதுவே. இரண்டு இடமும் ஒளிர்ந்தால், கழுத்தில் ஒரு கையிருப்பு இருக்கிறது என்று பொருள். நாக்கடி ஒளிராமல் கழுத்து மட்டும் ஒளிர்ந்தால், அது தைராய்டு அல்ல. அப்போது சதைத் துணுக்குப் பரிசோதனையை ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். இந்த மூன்றாவது வாய்ப்பை மனத்தில் வைத்துத்தான், வியாழக்கிழமைத் தேதியை ரத்து செய்யச் சொல்லாமல் சில நாள் ஒத்திவைக்கச் சொல்கிறேன்.

மாமியார் சொல்வதும் நான் சொல்வதும்

நான் இப்படி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினால், ‘பார்த்தாயா, டாக்டரே கத்தி வேண்டாம் என்கிறார்’ என்று உங்கள் மாமியார் சொல்லக்கூடும். அந்த அர்த்தம் வந்துவிடக் கூடாது. துணுக்கு எடுப்பதால் புற்றுநோய் பரவும் என்ற நம்பிக்கையால், உரிய காலத்தில் பரிசோதனை செய்யாமல் முற்றிப்போன நிலையில் வருகிறவர்களைத் தொண்டை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொண்டைப் புற்றுநோயை உறுதிப்படுத்தத் துணுக்குப் பரிசோதனையை விட்டால் வழியில்லை, அதனால் அது பரவுவதுமில்லை. என் தயக்கம் வேறு. தைராய்டு ரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு. நாக்கடியில் அது கிழிந்து ரத்தம் கசிந்தால், அழுத்திப் பிடித்து நிறுத்துவதற்கு வாகான இடம் அல்ல. ரத்தமும் வீக்கமும் நேரே மூச்சுப்பாதையில் வந்து நிற்கும். ஸ்கேனில் தைராய்டு என்று தெளிவாகிவிட்டால், துணுக்குப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. சந்தேகம் மிஞ்சினால் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. ஓரளவு பாதுகாப்பானது. நாக்கடித் தைராய்டில் புற்றுநோய் வருவது மிக அரிது, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கடினப்பட்டாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ அதைத் தேடிப் பார்ப்போம். ஆகவே அடையாறுக்கு ஓட வேண்டிய கட்டத்தில் நீங்கள் இப்போது இல்லை. மூன்றாவது முடிவு வந்தால் அப்போது கணவர் சொல்வதைப் பரிசீலிக்கலாம்.

எடுத்துவிடுவதா, வைத்திருப்பதா?

ஒரே தைராய்டு என்பதால் அதை எந்தக் காலத்திலும் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தைராய்டு இல்லாமல் மாத்திரையோடு நூறாண்டு வாழலாம். உங்களுக்கு எப்படியும் ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படும் என்றே தோன்றுகிறது. எடுத்தால் கால்சியம் குறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் வேறிடத்தில் உருவாகிறவை, அவை கழுத்திலேயே பத்திரமாக இருக்கும். ஆபத்து எங்கே வருகிறதென்றால், அது தைராய்டு என்று தெரியாமலேயே எடுத்துவிட்டு, நோயாளியை மாத்திரையில்லாமல் வீட்டுக்கு அனுப்பும்போதுதான். சில வாரங்களில் உடல் வீக்கம், சோர்வு, மந்தம், குளிர் தாங்காமை என்று வந்து நிற்பார்கள்.

தெரிந்த பிறகு, முதல் சிகிச்சை தைராக்சின் மாத்திரைதான். டி.எஸ்.எச். இயல்பு நிலையின் கீழ்ப்பகுதிக்கு இறங்கினால், கட்டியைத் தூண்டிக்கொண்டிருந்த விசை நின்றுவிடும். பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் கட்டி ஓரளவு சுருங்கி, விழுங்குவது எளிதாகிறது. முற்றிலும் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆறேழு மாதமாவது பொறுக்க வேண்டும். அடிக்கடி ரத்தம் கசிதல், மூச்சு அடைப்பு, தூக்கத்தில் மூச்சு நின்று போதல், மாத்திரைக்குப் பிறகும் விழுங்க முடியாத நிலை, புற்றுநோய்ச் சந்தேகம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் அறுவைதான் வழி. இப்போதெல்லாம் பெரும்பாலும் வாய் வழியாகவே லேசர், கோப்ளேஷன் போன்ற கருவிகளால் செய்கிறார்கள். பெரிய கட்டிகளுக்குக் கழுத்து வழியாகப் போக வேண்டியிருக்கும், சில நாட்களுக்கு மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைக்கவும் நேரலாம். அறுவைக்கு உடல் ஒத்துவராதவர்களுக்குக் கதிரியக்க அயோடின் உண்டு. பாலூட்டுகிற, அடுத்த குழந்தையை எதிர்பார்க்கிற உங்களுக்கு அது இப்போது பொருந்தாது.

உங்களுடைய ரத்தக் கோடு ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் நாக்கு வழிப்பான் உரசியதால். குறட்டையைத்தான் நான் அதைவிடக் கவனிப்பேன். நீங்கள் தூங்கும்போது மூச்சு இடையில் நின்று, திணறி மறுபடி தொடங்குகிறதா என்று ஓரிரு இரவு பார்க்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. நாக்கு வழிப்பானை முன்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாத்திரையை இன்றே தொடங்கலாமா என்றால், டி.எஸ்.எச். கூடுதலாக இருக்கும்போதுதான் ஸ்கேன் படம் தெளிவாக வரும். எனவே ஸ்கேன் இரண்டு மூன்று நாட்களில் கிடைக்குமானால் அதை முடித்துவிட்டு அன்றே தொடங்குங்கள். அதற்கு மேல் தாமதமானால் ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அளவு கேட்டுத் தொடங்கிவிடுங்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், காபி கூடாது. ஃபில்டர் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டு ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்றால், நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை. முட்டைக்கோஸை நிறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சமைத்துச் சாப்பிடுங்கள்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது?

நாள் குறித்துவிட்ட பிறகு கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற முகத்தாட்சண்யம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. “டாக்டர், எனக்கு டி.எஸ்.எச். கூடுதலாக இருக்கிறது. கழுத்தில் தைராய்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு போகலாமா?” என்று இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள். எந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவரும் பட்ட மேற்படிப்பில் இதைப் படித்தவர்தான். நீங்கள் அவரிடம் தைராய்டு பற்றிச் சொல்லவே இல்லை என்று கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. சொன்னதும் அவரே வரிசையை மாற்றுவார் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

மாற்ற மறுத்தால், உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். லாரிங்கோஸ்கோபி விடியோவையும் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறலாம். அடுத்தது ஒப்புதல் படிவம். பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலைச் சிகிச்சை அறுவைக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது, உயிரைக் காக்கும் அவசரம் இருந்தால் மட்டுமே விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் கையெழுத்திடப்போகும் தாளில் ‘துணுக்குப் பரிசோதனை, தேவைப்பட்டால் அகற்றுதல்’ என்று ஒரே வரியில் இருந்தால், இரண்டாவது பாதியை அடித்துவிட்டுக் கையெழுத்திட உங்களுக்கு உரிமை உண்டு.

செலவை நினைத்துத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் நாளமில்லாச் சுரப்பி அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த மாதிரி அரிய நோய்க்கு இரண்டு துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து பேசக்கூடிய இடம் நல்லது. பளபளப்பான வரவேற்பறை அவசியமில்லை. அறுவை என்று வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வாயிலிருந்து நிற்காமல் ரத்தம் வந்தால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தால், மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டால், மல்லாந்து படுக்கவே முடியாமல் போனால், ஸ்கேன் தேதி, மருத்துவர் தேதி எதையும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்திருங்கள். 1869-இல் ஹிக்மன் என்ற மருத்துவர் பதிவு செய்த முதல் நாக்கடித் தைராய்டு, மூச்சடைத்து இறந்த பச்சிளங்குழந்தையினுடையது. உங்களுக்கு அப்படி நேரும் என்று இதைச் சொல்லவில்லை. பெரியவர்களில் பெரும்பாலோர் எந்த அவசரமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தச் சில அறிகுறிகளை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டாவது குழந்தை

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் முதலில் டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வந்து நிலைக்கட்டும். சரியான அளவில் மாத்திரை இல்லாமல் மறுபடி கர்ப்பமானால், கட்டி மறுபடி வளரும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் முதல் மூன்று மாதம் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானவுடனேயே மாத்திரை அளவை ஏறத்தாழ கால் பங்கு கூட்ட வேண்டியிருக்கும். அதை எப்படிக் கூட்டுவது என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்போது தேதி கிடைக்காமல் மூன்று வாரம் போய்விடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு இந்த முறை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மகப்பேறு மருத்துவரைவிட மயக்க மருத்துவருக்கு உங்கள் நாக்கடிக் கட்டி பற்றித் தெரிவது முக்கியம். முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழல் செருக வேண்டிய எந்த அறுவையிலும், அது பல் பிடுங்கும் சிறு வேலையாக இருந்தாலும்கூட, நாக்கடியில் எதிர்பாராத கட்டி இருந்தால் குழலைச் செருகுவது சிரமமாகிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கான கருவியோடு தயாராக இருப்பார்கள். லாரிங்கோஸ்கோபி படத்தின் நகலைக் கோப்பில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பெடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் குரல்நாண்கள் நன்றாக இருப்பதாக அறிக்கை சொல்கிறது, பேச்சு குழறுவது நாக்கு அசைய இடமில்லாததால். உங்கள் குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்த்தார்களா என்பதை டிஸ்சார்ஜ் தாளில் தேடுங்கள். இந்தக் குறை குடும்பத்தில் தொடர்வது அபூர்வம்தான். இருந்தாலும் பார்க்கப்படவில்லை என்றால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை மருத்துவரிடம் சொல்லி அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். ஸ்கேன் முடிவு வந்ததும் படத்தோடு எழுதுங்கள்.